அருளம்மாவின் மூக்கு

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் ஒரு கலியாணவீடு என்றால், கலியாணப் பொம்பிளையின் அழகைப் பேசி முடித்த கையோடு, பொம்பிளையைச் சோடித்து வெளிக்கிடுத்த வந்தவளின் மூக்கைப் பற்றியும் சனம் பேசும். அப்படியொரு மூக்கு பெற்றிசியாவுக்கு. புருவத்துக்கு நடுவில் தொடங்கி நேரே இறங்கி, நுனியில் அளவாய் நிமிர்ந்து நிற்கும். "மூக்கும் முழியுமாய் எண்டு சொல்லுறது இவளைத்தான்" என்று முகத்துக்கு முன்னாலேயே சொல்வார்கள். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் வைத்திருக்கும் பியூட்டி பார்லருக்குப் பெரிய போர்ட் ஒன்றும் கிடையாது. எதற்குப் போர்ட்? அவள் வாசலில் வந்து நின்றால் போதாதா?

அந்த மூக்கு கடவுள் கொடுத்ததல்ல. சென்னையில் ஒரு டாக்டர் சிலிக்கன் துண்டொன்றை உள்ளே வைத்துத் தைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெற்றிசியா மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு சீவனுக்கும் சொல்லவில்லை, கட்டின புருஷனுக்குக் கூட.

தொண்ணூறாம் ஆண்டு யுத்த ஓட்டத்தில் தாயோடு வள்ளமேறிப் போன சின்னப்பிள்ளை அவள். வளர்ந்தது தமிழ்நாட்டு முகாமில். தாய் அங்கேயே கண்ணை மூடினாள். பிறகு சென்னையில் ஒரு பார்லரில் தலை கழுவி விடுகிற வேலை கிடைத்தது. கைத்திறமை வந்தது, முகம் மட்டும் தாயின் முகமாகவே இருந்தது. கண்ணுக்கு நடுவில் மேடே இல்லாமல், நுனியில் மட்டும் திடீரென்று முளைத்த மாதிரி ஒரு சப்பை மூக்கு. பார்லர்க்காரி ஒளித்து மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "வேலை நல்லாத்தான் செய்யறே. ஆனா உன் மூஞ்சியப் பார்த்துட்டு எவ தன் மூஞ்சிய உன் கையில குடுப்பா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். "ஆயுசுக்கும் இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னதை, நற்செய்தி வாசகம் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டாள்.

சண்டை நின்ற சமாதான காலத்தில் தனியாளாய் மன்னாருக்குத் திரும்பி வந்தபோது அவளை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பாவாடை கட்டிப் போன குஞ்சின் மூக்கு எப்படி இருந்தது என்று யாருக்கு ஞாபகம்? கோயில் முற்றத்தில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "உன்ர கொம்மாக்கும் இப்பிடி மூக்கோ பிள்ளை? எனக்கு வடிவா ஞாபகமில்லை" என்று கேட்டாள்.

"ஓம். அம்மாவின்ர மூக்குத்தான்" என்றாள் பெற்றிசியா.

செத்தவள் முகாம் மண்ணுக்குள் கிடக்கிறாள், எழும்பி வந்து மறுக்கவா போகிறாள்? அன்றைக்கு இரவு முழுக்கத் தாயின் முகம் கண்ணுக்குள் நின்றது. விடிய எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். முதல் பொய்க்குத்தான் அவ்வளவு கஷ்டம்.

பிறகு யாகப்பரைக் கட்டினாள். கடற்தொழில் செய்கிறவன், அதிகம் பேசமாட்டான், பேசினால் பொய் பேசமாட்டான். ஒரே வளவுக்குள் பக்கத்து வீட்டில் அவனுடைய அக்கா அருளம்மா. கலியாணம் முடித்த வருஷமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். பிள்ளை குட்டி இல்லை. நண்டு உடைக்கிற வேலைக்குப் போய்வருவாள், வந்த நேரம் முழுக்கத் தம்பி வீட்டில்தான். பெற்றிசியாவின் பேறுகாலத்தில் சமைத்துப் போட்டதும் அவள்தான், ஆஸ்பத்திரியில் பாய் விரித்துக் காவல் கிடந்ததும் அவள்தான்.

பிள்ளையைத் துடைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். பெண்பிள்ளை. பெற்றிசியா பார்த்தாள். செத்துப்போன தாயின் முகம் துணிச்சுருளுக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே மேடில்லாத மூக்கு. வாசலில் யாகப்பர் நிற்கிறான், தாதி நிற்கிறாள், எல்லாரும் ஒரு பிள்ளையைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பார்கள்? ஆருடைய சாயல் என்றுதானே? யாரும் கேட்க முதலே அவள் முந்திக்கொண்டாள்.

"மச்சாள், உங்கட மூக்கை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறாள்."

அருளம்மாவின் மூக்கும் அகலம்தான். ஆனால் அதற்கு மேடு உண்டு, எலும்பு உண்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். யார் பக்கத்தில் வைத்துப் பார்த்தது? ஒன்றைச் சொல்லிவிட்டால் சனத்துக்கு அதுதான் கண்ணுக்குத் தெரியும். அருளம்மா பிள்ளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "என்ர மூக்கோ? மெய்யாவோ?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "தம்பியின்ர பிள்ளைக்கு என்ர மூக்காம்! பெற்றியே சொன்னவள்!"

பிள்ளைக்கு ஜெஸ்லியா என்று பெயர் வைத்தார்கள். வளர வளர அந்த மூக்கு வீட்டுக்கு ஒரு பகிடியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் "சப்பட்டை" என்று கூப்பிட்டார்கள். கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்கு வெள்ளைச் சட்டை போட்டுப் படம் எடுக்கப் போனபோது, பக்கவாட்டில் எடுக்க வேண்டாம் என்று பிள்ளை அழுதாள். அன்றைக்கு அருளம்மா அவளை மடியில் இருத்தி, "நான்தான் குஞ்சு உனக்கு இந்தப் பாவத்தைத் தந்தனான். மாமியைக் கோவியாதே" என்று தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பெற்றிசியா அடுத்த அறையில் பிள்ளையின் முடிக்குப் பூ குத்த ஊசி தேடிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. ஊசியைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

அதோடு விட்டாளா? கலியாணவீடுகளில் சனம் ஜெஸ்லியாவைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்க்கும். அந்தப் பார்வை அவளுக்குத் தாங்காது. "என்ன செய்யிறது, எங்கட அருளம்மா மச்சாளின்ர மூக்கு வந்து குந்தியிட்டுது. பவுடரைப் பூசியாவது நிமித்துவம்" என்று அவளே பகிடியை எடுத்துக் கொடுப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், அருளம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நாக்குக் கூசவில்லையா என்று கேட்டால், கூசியது. கூசக் கூசச் சொன்னாள்.

படித்து முடித்து வீட்டில் இருக்கிற ஜெஸ்லியா, போனில் தன் படங்களுக்கெல்லாம் மூக்கை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்:

"அம்மா, கொழும்பில மூக்குக்கு ஒப்பரேசன் செய்யினமாம். உங்கட படத்தைக் காட்டி, இதே மாதிரிச் செய்து தாங்கோ எண்டு கேப்பம் எண்டு யோசிக்கிறன்."

"எழும்பி வந்தனெண்டால் அறைதான் வாங்குவாய்!" என்று பெற்றிசியா போட்ட சத்தத்தில் யாகப்பர் சோற்றுக் கோப்பையோடு நிமிர்ந்து பார்த்தான். அவள் அப்படிக் கத்துகிறவளே இல்லை. அருளம்மாதான் பிள்ளைக்குப் பரிந்து வந்தாள். "அவளை ஏன் ஏசுறாய்? பிழை என்னிலதானே" என்றாள்.

அந்த வருஷம் வாடைக்காற்றோடு பெற்றிசியாவின் மூக்கு நுனி சிவக்கத் தொடங்கியது. சளித் தடிமன் என்றாள். சிவப்பு போகவில்லை. தோல் நாளுக்கு நாள் மெலிந்து வெங்காயத் தோல்போல ஆனது. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே இருக்கிறதன் முனை வெள்ளையாய்த் தெரிந்தது. போனில் தேடிப் பார்த்தாள். பத்து, இருபது வருஷம் சும்மா கிடந்துவிட்டுத் தோலைத் தின்றுகொண்டு வெளியே வருமாம். எடுக்காமல் விட்டால் கிருமி பிடிக்குமாம். எடுத்தால் மூக்கு அமிழ்ந்துவிடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்குப் போகும், மூக்குப் போனால் எல்லாருக்கும் தெரியும். முகக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பொம்பிளைகளுக்குப் பூசுகிற பூச்சைத் தன் மூக்குக்கே அப்பினாள். எத்தனை பேருடைய தழும்பை மறைத்த கை, இது மறையாதா?

மறையவில்லை. நுனியில் பரு மாதிரி ஒன்று எழும்பியது. அதைக் கண்டுபிடித்தது அருளம்மா. ஒருநாள் பின்னேரம் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தவளை, கிணற்றடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது? ஏன் ஒருத்தருக்கும் சொல்லயில்லை?"

"சும்மா பரு மச்சாள்."

"பருவோ! இரு வாறன்."

ஓடிப்போய் மடு மாதா கோயில் மண் போத்தலைக் கொண்டுவந்தாள். ஆவணித் திருநாளுக்கு நடந்துபோய் எடுத்து வந்த மண். தீவில் அது இல்லாத வீடு இல்லை. காய்ச்சல், பூச்சிக்கடி, பாம்புக்கடி எதுவென்றாலும் முதலில் ஒரு கிள்ளு மண், பிறகுதான் ஆஸ்பத்திரி. அருளம்மா அதைத் தண்ணீரில் குழைத்து, அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு, விரலால் மெல்லத் தொட்டுப் பூச வந்தாள். வேண்டாம் என்று பெற்றிசியா சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்துகொடுத்தாள்.

மடு மாதாவில் பிழை இல்லை. பூசின கையிலும் பிழை இல்லை. பாம்பு கடித்தவர்கள் அந்த மண்ணால் பிழைத்தார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. பிழையெல்லாம் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தவளில்.

மூக்கு வீங்கியது. கண் இரண்டும் வீங்கின. காய்ச்சல் அடித்தது. காலையும் மாலையும் அருளம்மா விடாமல் மண் பூசினாள். சனிக்கிழமை காலை பேசாலையில் ஒரு பொம்பிளையை வெளிக்கிடுத்தப் போக வேண்டியவள் எழும்ப முடியாமல் கிடந்தாள். காய்ந்த மண்ணைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்த அருளம்மா திடீரென்று வீரிட்டாள்.

"ஐயோ மாதாவே! எலும்பு! எலும்பு தெரியுது!"

தோல் வெடித்துவிட்டது. சீழுக்கு நடுவில் வெள்ளையாய் ஒன்று எட்டிப் பார்த்தது.

யாகப்பர் ஓட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க அருளம்மா நெஞ்சில் அடித்து அழுதாள். "தங்கமான மூக்கை என்ர கையால அழுக வைச்சிட்டனே! மண்ணைப் பூசி எலும்பு வரைக்கும் தின்னக் குடுத்திட்டனே!" ஜெஸ்லியா ஒரு பக்கம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்றிசியா துவாயால் முகத்தைப் பொத்தியிருந்தாள். அது எலும்பில்லை மச்சாள் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பஸ் நிலையம் தாண்டும்போதும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

காது மூக்குத் தொண்டை டொக்டர் முஸ்பிரா, எருக்கலம்பிட்டி ஊர்ப்பிள்ளை. மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு லைற்றைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எப்ப வச்சது?"

"எது டொக்டர்?"

டொக்டர் லைற்றை அணைத்தாள். "அக்கா, நான் உங்களோட வழக்குப் பேச வரல்ல. சிலிக்கன் என்ட கண்ணுக்கு நேரே நிக்கிது."

பெற்றிசியாவுக்கு உயிரே கூனிக்குறுகிப் போயிற்று. சொன்னாள். சென்னையென்றும், சின்ன வயதென்றும், ஒருத்தருக்கும் தெரியாதென்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டொக்டர் ஏசவில்லை. இப்படிக் காலம் போய் வெளியே வருவது நடக்கிறதுதான், மண் போட்டதால் கிருமி கூடிவிட்டது, போடாவிட்டாலும் இது வந்தேதான் இருக்கும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றாள். எடுத்தால் மூக்கு அமிழும். நன்றாய் ஆறின பிறகு, வேண்டுமென்றால் காதுக் குருத்தெலும்பில் கொஞ்சம் எடுத்துச் சரிசெய்து பார்க்கலாம்.

"வெளியில நிக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுவீங்கள் டொக்டர்?"

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன். உள்ளுக்குக் கிருமி, சுத்தம் செஞ்சம், அவ்வளவுதான். மிச்சம் உங்கட விசயம்."

அப்போது அவளுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை எழுதவே வெட்கமாய் இருக்கிறது. பொய் தயாராய் இருந்தது. அவள் கட்டவும் வேண்டியதில்லை, வாசலில் நின்று அருளம்மாவே கட்டிக்கொண்டிருந்தாள். மண் பூசினது, எலும்பு உக்கினது, மூக்கு அமிழ்ந்தது. ஊர் முழுக்க நம்பும். பிள்ளையின் மூக்குக்கு அருளம்மாவின் இரத்தம் காரணம், தன் மூக்குக்கு அருளம்மாவின் கை காரணம். பெற்றிசியா கண்ணை மூடிக்கொண்டு ஊசிக்குக் கையை நீட்டினாள்.

அடுத்தநாள் யாகப்பரும் ஜெஸ்லியாவும் பாணும் சம்பலும் கொண்டு வார்ட்டுக்கு வந்தார்கள். முகத்துக்குக் குறுக்கே பிளாஸ்டர். கீழே ஒன்றும் இல்லை என்பது பிளாஸ்டருக்கு மேலாலேயே தெரிந்தது. யாகப்பர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான்.

"மச்சாள் எங்க?" என்று கேட்டாள் பெற்றிசியா.

"வாசலில நிக்கிறா" என்றான் யாகப்பர். "உள்ளுக்கு வரமாட்டாவாம். நேத்தையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கயில்லை. மண் போத்தலைக் கோயிலடியில கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தவ. பூசைக்குப் போகச் சொன்னன், தன்ர கை பாவக் கையாம், இனி நற்கருணை வாங்கமாட்டாவாம்."

"நிக்கட்டும்" என்றாள் ஜெஸ்லியா. பிள்ளையின் குரலில் அப்படியொரு வெறுப்பைப் பெற்றிசியா முன்னம் கேட்டதில்லை. "நான் மாமியோட இனிக் கதைக்கமாட்டன். எனக்கு இந்த மூக்கைத் தந்ததும் அவ. உங்கட மூக்கைத் திண்டதும் அவ."

பெற்றிசியாவுக்கு உடம்பு முழுக்கப் பற்றியெரிந்தது. இவ்வளவு காலமும் வெட்கம் என்று அவள் நினைத்திருந்தது வெட்கமே இல்லை. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் அது. வெட்கம் இப்போதுதான் வந்தது, அதுவும் பெற்ற பிள்ளையின் வாயால்.

"மாமியைக் கூட்டிக்கொண்டு வா."

"நான் போகமாட்டன்."

"போய்க் கூட்டிக்கொண்டு வாடி!"

அருளம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, கட்டிலுக்குக் கிட்ட வராமல் தள்ளி நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள், தொட்டுவிடுவேனோ என்று பயந்தவள்போல. பெற்றிசியா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. போர்வையைப் பார்த்துச் சொன்னாள்.

"மச்சாள், அது எலும்பில்லை. சிலிக்கன். கலியாணத்துக்கு முதலே சென்னையில வைச்சது. அது தானா வெளிய வந்திருக்கு. உங்கட மண்ணால இல்லை. நீங்கள் பூசாமல் விட்டாலும் வந்திருக்கும், டொக்டர் சொன்னவ."

யாகப்பர் கதிரையில் இருந்தான். பாண் பொட்டலத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"இருபது வருசம் ஒரு பாயில படுத்தனாங்கள், பெற்றி" என்றான் பிறகு. அவ்வளவுதான் சொன்னான். அவன் ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

ஜெஸ்லியாவின் கை தன் மூக்குக்குப் போயிருந்தது. "அப்ப இது?"

"என்ர. என்ர அம்மாவின்ர. மாமியின்ர இல்லை. ஒருநாளும் மாமியின்ர இல்லை. நான் பொய் சொன்னனான்."

பிள்ளை தாயை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பெற்றிசியாவுக்கு இருக்க இடமில்லை. பார்த்துவிட்டு, மெல்லப் போய் அருளம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அருளம்மாவுக்கு விளங்க நேரமெடுத்தது. "அப்ப... நான் பூசினதால இல்லையோ? மெய்யாவே இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்று பெற்றிசியா தலையாட்ட, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "மாதாவே, உமக்குத் தோத்திரம்" என்றாள். முதுகுக்குப் பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. முகம் கொஞ்சம் வெளித்தது.

"ஏசுங்கோ மச்சாள்" என்றாள் பெற்றிசியா. "உங்களை எவ்வளவு பகிடி பண்ணினன். ஊரைச் சிரிக்க வைச்சன். அறையிறதெண்டாலும் அறையுங்கோ."

அருளம்மா அறையவில்லை. பகிடியைப் பற்றி அவள் நினைத்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜெஸ்லியாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மூக்கைப் பார்த்தாள். நெற்றியில் தொடங்கி நுனி வரைக்கும், முதல் தரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இவள் பிறந்த அண்டைக்கு நீ சொன்னனி, என்ர மூக்கெண்டு" என்றாள். "அண்டையில இருந்துதான் எனக்குக் கண்ணாடியில என்ர முகத்தைப் பாக்க ஆசையா இருந்தது."

வார்ட்டில் யாரோ இருமினார்கள். அருளம்மா பிள்ளையின் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப இவளிட்ட என்ர எண்டு ஒண்டும் இல்லையோ, பெற்றி?"

எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் வைத்திருந்தவளின் கை, முகத்தைப் பொத்த எழும்பியது. பொத்தவில்லை. மச்சாள் பார்க்கட்டும் என்று அந்த முகத்தோடு அப்படியே இருந்தாள்.